நூறு கிராம் குறைந்த பருப்பு

ஒரகடம்
11.9.1991

அன்பு மகன் கண்ணப்பனுக்கு அம்மா ராஜம்மா எழுதுவது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை செந்தாமரை எழுதுகிறாள். இங்கே மூவரும் சுகம், அப்பாவுக்கு இருமல் தேவலை, பம்பாய் மழையில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். தங்கையின் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது போய்விட்டது. எட்டாவதோடு நின்றவளுக்குப் பெரிய மளிகைக் கடையில் வேலை என்று நான்தான் எல்லோரிடமும் பெருமையடித்தேன். பருப்பை நிறுத்துப் பையில் போட்டு, மெழுகுவர்த்தியில் வாயை ஒட்டும் வேலை. சேர்ந்த இரண்டாம் வாரமே, ஒரு கிலோ என்று அச்சடித்த பையில் தொள்ளாயிரம் கிராம்தான் போடச் சொல்கிறார்கள் அம்மா என்று வந்து சொன்னாள். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றேன். அப்போது நம் தெருமுனைக் கடையில் கிளியம்மாள் கிலோ பதினாலு ரூபாய்க்குச் சரியாக நிறுத்துக் கொடுத்தாள். பெரிய கடையில் பதிமூன்று. ஊரே அங்கே போனது, நானும் போனேன். கிளியம்மாள் கொள்ளையடிக்கிறாள் என்று குழாயடியில் பேசினார்கள், தெரிந்தும் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொங்கல் கழிந்து அவள் கடையை மூடினாள்.

அடுத்த மாதமே பெரிய கடையில் பதிமூன்று பதினேழாகிவிட்டது. அதே முதலாளியின் ஸ்ரீபெரும்புதூர் கடையில் பதினாலுதான், அங்கே பக்கத்தில் வேறு கடைகள் இருக்கின்றன. ஆடியில் பெண்கள் சேர்ந்து பாக்கெட்டுகளை ரேஷன் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் குறைந்தது. பை கிழிந்து சிந்தியிருக்கும் என்றார் முதலாளி. செந்தாமரையைக் கேட்டார்கள். யாரையும் நிமிர்ந்து பார்க்காத பெண், தரையைப் பார்த்தபடியே, "நான்தான் போட்டேன். தொள்ளாயிரம்தான் போடச் சொன்னாங்க" என்றாள். அன்றே வேலை போனது.

இப்போது இருபது வீடு சேர்ந்து அந்தக் கடைக்குப் போவதில்லை என்று முடிவு, மெட்ராஸ் கொத்தவால் சாவடிச் சந்தையிலிருந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளப் போகிறோம். நிறுத்துக் கொடுக்கக் கிளியம்மாளைக் கூப்பிட நானும் தங்கையும் போனோம். அவள் செங்கல் சூளையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "உன் பொண்ணு அப்பவே சொல்லியிருந்தா என் கடை இருந்திருக்கும்க்கா" என்றாள். பிறகு தராசையும் படிக்கற்களையும் கொண்டுவந்து வைத்தாள். "எடுத்துக்கினு போ. கல்லு சரியாத்தான் கீது. நான் வர்ல." அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. தங்கை தராசைத் தூக்கிக்கொண்டாள். அதனால் தங்கையையே நிறுக்கச் சொன்னோம். அதற்கும் குழாயடியில், "இவளா நிறுக்கப் போறா? நூறு கிராம் எங்கன்னு தேடினு கெடக்கணும்" என்று சிரித்தார்களாம். இரண்டு நாளாகத் தங்கை தண்ணீருக்குக்கூட வெளியே போகவில்லை, சோறும் இறங்கவில்லை. என்னை யாரிடமும் காட்டிக் கொடுக்கவும் இல்லை. வாயை மூடச் சொன்னது நான் என்று எழுதச் சொன்னதற்கு, வேண்டாம் அம்மா, அண்ணன் உன்னை என்ன நினைக்கும் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதட்டித்தான் எழுத வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மூட்டை பிரிக்கும்போது, கிளியம்மாளையும் எப்படியாவது அழைத்துவந்து வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லப் போகிறேன். சொன்னாலும் அவள் கடை திரும்பாது, தெரியும். உனக்கு முதலில் சொல்லிவிட்டால் பின்வாங்க மாட்டேன் என்றுதான் எழுதினேன்.

வேளைக்குச் சாப்பிடு, நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் தங்கை பெயருக்குத் தனியாக இரண்டு வரி போடு. எப்போதும் அவள்தான் என் பெயரைக் கீழே எழுதுவாள். இதில் நானே கைநாட்டு வைக்கிறேன்.

உன் அம்மா
(ராஜம்மா, இடது கைப் பெருவிரல்)