கத்துகிறவரும் கத்தாதவரும்

ஜூன் 9, திங்கள்
கடல் சரியில்லை. ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகு ரத்து. ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில், எங்கள் கவுன்டரில் இருநூறு பேர். நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் பாலகுமார் வெளியே போய்விட்டார். "லேடீஸ் எதுக்கு உமா மேடம், நான் பாத்துக்கறேன்." போய், "ஆஜ் போட் பந்த்! சலோ, சலோ!" என்று, இன்றைக்குப் படகு இல்லை, கிளம்புங்கள் என இந்தியில் தொண்டை கிழியக் கத்தினார். கூட்டம் இன்னும் எகிறியது. பிறகு ஒவ்வொருவரையாக உட்காரவைத்து, நாளைய படகில் இடம் மாற்றிக் கொடுத்து அனுப்பியது நான். மூன்று மணி நேரம். இரண்டு பேரும் மேனேஜர்கள்தான். அவருக்கு மட்டும் என்ன திடீர் அக்கறை?

ஜூன் 12
புரிந்துவிட்டது. ஜெட்டி இன்சார்ஜ், அதாவது இந்தப் படகுத்துறைக்கே பொறுப்பாளர் பதவி வருகிறதாம், எங்கள் இருவரில் ஒருவருக்கு. எட்டு வருடமாக இதற்குத்தான் காத்திருக்கிறேன். சென்னை ஆபீஸ் படிவம் அனுப்பியிருக்கிறது: உடன் வேலை பார்க்கும் மேனேஜர் தகராறுகளை எப்படிச் சமாளிக்கிறார்? அவரைப் பற்றி நான் எழுத வேண்டும், என்னைப் பற்றி அவர்.

ஜூன் 13
பாலகுமார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எட்டு வருடத்தில் முதல் தடவை. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

ஜூன் 16
அனுப்பிவிட்டேன். பொய் ஒன்றும் எழுதவில்லை. "யாரையும் பேச விடமாட்டார். கத்தியே அடக்குவார்."
அவருடைய படிவத்தை ஸ்கேன் செய்தது டிக்கெட் கவுன்டர் புஷ்பா. "உங்கள ரொம்ப உசத்தியா எழுதிருக்கார் மேடம்" என்றாள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 20
ஒரு தகவலும் இல்லை. பாலகுமார் விசிலடிக்கிறார். ஏன்?

ஜூன் 27
பாலகுமார்தான் இன்சார்ஜ். சென்னை அதிகாரிக்குப் போன் போட்டுக் காரணம் கேட்டேன்.
"கத்தி அடக்குவார்னு நீங்களே எழுதிருக்கீங்களேம்மா. ஜெட்டிக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும்."
என்னைப் பற்றி?
"தங்கமானவங்க, குரலையே உயர்த்தமாட்டாங்கன்னு எழுதிருக்கார். நல்லாத்தானே எழுதிருக்கார்?"
நான் திட்டியது அவருக்கு சர்டிபிகேட். அவர் புகழ்ந்தது எனக்கு ஆப்பு. தெரிஞ்சே எழுதினானா, மனசார எழுதினானா? பாவி, அது தெரிஞ்சாலாவது நிம்மதியா திட்டித் தீர்ப்பேனே.

ஜூலை 3
மறுபடியும் படகு ரத்து. பாலகுமார் கத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "நீங்க போய் சமாதானம் பண்ணுங்க மேடம். அது உங்களுக்குத்தான் வரும்."
"முடியாது! இன்சார்ஜ் நீங்கதானே? நீங்களே போய்ப் பேசுங்க!"
கத்திவிட்டேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது.
அவர் கோபப்படவில்லை. புஷ்பாவைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "மேடமுக்குத் தண்ணி குடும்மா. வீட்டுல ஏதோ பிரச்சினை போல."
தண்ணீரைக் குடித்தேன். ஆனால் எழுந்து போகவில்லை. நாலு மணி வரை வெளியே அவர் குரல்தான் கேட்டது. கடைசியில் அதுவும் கம்மிப்போயிற்று.