நொஹேமி சேகரித்த குதிரைவால் செடியின் பதிவை நீக்க வேண்டாம்

அனுப்புநர்
எவரிஸ்தோ போஹோர்கெஸ்,
மாட்டுப் பண்ணை, லா ஹெகோரி,
சொனோரா மாநிலம், மெக்சிகோ.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பாலைநிலத் தாவரக் காப்பகம்,
வால்யே கிரிஸ்.

பொருள்: பியெத்ரா பிந்தா மலையில் என் மகள் நொஹேமி சேகரித்த குதிரைவால் செடியின் பதிவை நீக்கும் முடிவை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. "இடக்குறிப்பு தவறு. இப்பாலை மலையில் ஊற்று இல்லை. குதிரைவால் வளர வழியில்லை. பதிவு நீக்கப்படும்" என்று தங்கள் கடிதம் வந்தது. என் மகள் பெயருக்கே வந்தது. அவள் இறந்தது தங்களுக்குத் தெரியாது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் உறையைப் பிரித்தவள் அவளைப் பெற்றவள்.

2. மலைக்கு வந்து பார்த்த தங்கள் அலுவலர் கண்டது பாறைக் குவியல்தான். அவர் பொய் சொல்லவில்லை. அதற்கு அடியில், என் மாடுகள் தண்ணீர் குடித்த ஊற்று இருந்தது. அதன் கரையில் இலையில்லாமல், கணுக்கணுவாக, மார்பளவுக்கு அந்தச் செடி நின்றது. நொஹேமி அதைப் பறித்து, தாளுக்கிடையே உலர்த்தித் தங்களுக்கு அனுப்பினாள். கதிர் விட்ட தண்டும் வேண்டுமென்று முன்பிருந்த இயக்குநர் கேட்டதால், ஜூலை மழையில் மறுபடி மலையேறினாள். மேலே பெய்த மழை வெள்ளமாக இறங்கி, அவளையும் செடியையும் வாரிக்கொண்டு போயிற்று. ஊற்றைப் பாறை மூடிவிட்டது. ஊற்றே இல்லையென்று தாங்கள் எழுதிய மலையில், ஐயா, என் பிள்ளை தண்ணீரில்தான் போனாள்.

3. வீட்டில் அந்தச் செடியில் இன்னொரு கட்டு இருந்தது. எங்கள் பக்கம் அடிப்பிடித்த பானையை அந்தச் செடியால்தான் தேய்ப்போம். அதனால், "அம்மா, இதுல பானை தேச்சே, அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன், ஆமா!" என்று மிரட்டித்தான் அதை அலமாரி மேல் வைத்தாள். அவளுக்காக ஒன்பது நாள் செபம் நடந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சமைத்துப் போட்டார்கள். பீன்ஸ் வேகவைத்த பெரிய பானைகளை, நல்ல மனதோடு, அந்தக் கட்டை எடுத்தே தேய்த்துவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? கவிழ்த்திருந்த பானைகளைப் பார்த்துவிட்டு என் மனைவி தெல்ஃபினா, "அதான் பேச மாட்டேங்கிறா" என்றாள். இன்றும் அதையேதான் சொல்கிறாள்.

4. ஆகவே மிஞ்சியிருப்பது தங்களிடமுள்ள, செடி ஒட்டிய தாள் ஒன்றுதான். அதில் இருப்பது அவள் கையெழுத்து. பதிவை நீக்காமல், "வெள்ளத்துக்கு முன் இருந்தது" என்று ஒரு வரி சேர்க்கும்படி பணிந்து வேண்டுகிறேன். இன்று இல்லாதது என்றுமே இருந்ததில்லை என்றால், எங்கள் வீட்டிலும் பிள்ளை இருந்ததில்லை என்றாகிவிடும்.

5. விதி இடம் தராவிட்டால், தாளை எரித்துவிட வேண்டாம். ஒரு வார்த்தை எழுதுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். இம்முறை கடிதத்தை என் பெயருக்கு அனுப்புங்கள்.

இடம்: லா ஹெகோரி
நாள்: 14 அக்டோபர் 1987

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
எவரிஸ்தோ போஹோர்கெஸ்
(நொஹேமியின் தந்தை)