கட்டிலுக்கடியில் பத்துப் பேர்

வியாழன் இரவு

மகளின் பாடசாலையிலிருந்து கந்தளாய்க்கு இரண்டு நாள் பயிற்சி முகாம். பயத்தில் நான் அனுமதிக் கடிதத்தில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.

"கம்பஸுக்கு முதல் நீங்களும் ஆமிப் பயிற்சிக்குப் போனனீங்கள்தானே, அம்மா?" என்றாள்.

ஓம், போனனான். பல்கலைக்கழகத்தில் சேருமுன் எங்களை இராணுவ முகாமுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கட்டில் விரிப்புக் கசங்கினால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். அதனால் மத்தியான ஓய்வில் எங்கள் அறைப் பிள்ளைகள் பத்துப் பேரும் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டோம். வெறுங்கட்டில்களைக் கண்ட அதிகாரி, பிள்ளைகள் ஓடிவிட்டார்கள் என்று விசில் அடித்தார். நாங்களும் பதறி எழும்பி, ஓடிப்போன பத்துப் பேரையும் தேடப் போனோம். "எங்களத்தான்டி தேடுறாங்க" என்று எங்களில் ஒருத்தியான கிண்ணியா பாத்திமா பாதி வழியில்தான் சொன்னாள்.

"பிறகு கண்டுபிடிச்சனீங்களே?" என்று மகள் கேட்டாள்.

"இன்னும் இல்லை."

சிரித்தபடியே உறங்கிவிட்டாள். கையெழுத்து வைத்துவிட்டேன். அவளுடைய பையில் ஒரு பாயும் வைத்திருக்கிறேன்.