மன்னிப்புக் கேட்காத வீடு

20.4.1995, வியாழன். புளத்கொகுபிட்டிய

ஹஜ்ஜுக்குப் போகுமுன் அறிந்தவர் தெரிந்தவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்று நாளாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். பதினைந்து வருடம் பேசாத, மச்சி முறையான பளீலா வீட்டுக்கும் போய் அழுதுவிட்டு வந்தாயிற்று.

தேயிலைத் தோட்டத்தில் தங்கம்மா குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்கு மட்டும் போகவில்லை. மழை, வழுக்கல், அட்டைக்கடி. எல்லாம் சாக்கு.

22.4

வேன் புறப்படும்போது தங்கம்மாவே ரோட்டுக்கு வந்துவிட்டாள், முதுகில் கொழுந்துக் கூடையோடு.

"டீச்சர், எங்களுக்காகவும் ஆண்டவன்கிட்ட கேளுங்க. எங்க விஜயகலாவுக்கு ஒரு நல்ல வழி பொறக்கணும்னு."

தலையாட்டினேன்.

27.4. மக்கா

ஓர் அறையில் ஏழு பெண்கள். காற்றாடி அனலைத்தான் வீசுகிறது. குழாயில் கொதிநீர். இரண்டு காலிலும் கொப்புளம்.

கூட வந்த என் கணவர் சொல்கிறார்: "அல்லாஹ்ட விருந்தாளியா வந்தீக்கிறோம். மொணங்காதே." சரிதான். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இது? முனகல் வரும்போதெல்லாம் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று இறைவனைப் புகழ்ந்து மாற்றிச் சொல்வதாக முடிவு செய்திருக்கிறேன். காலையிலிருந்து நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். புலம்பல் இந்தக் கொப்பியில் மட்டும். பேனாவால் புலம்பினால் குற்றமில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

30.4

தண்ணீர் வரிசையில் ஒரு பெண்ணைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். வெயில், தலைவலி.

விஜயகலாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றும் வெயில்தான், தலைவலிதான். முதலாம் வகுப்பில் சேர்க்க ஆறு பிள்ளைகள் பள்ளிக்கூடத் தகரக் கூரைக்குக் கீழே நின்றார்கள். தங்கம்மா மகளின் பிறப்புச் சான்றிதழை நீட்டிக்கொண்டே நின்றாள். நான் வாங்கிப் பார்க்கவில்லை. ஆறு பேருக்கும் ஜனவரி முதலாம் திகதி என்று எழுதி முடித்தேன். மற்ற ஐந்தும் படிப்பை இடையில் விட்டுவிட்டன. விஜயகலா மட்டும் கடைசி வரை வந்தாள், வகுப்பில் முதலாவதாக. சான்றிதழில் ஒரு திகதி, பதிவில் வேறு திகதி. அடையாள அட்டை கிடைக்கவில்லை. அது இல்லாததால் பள்ளி இறுதியில் வரும் சாதாரண தரப் பரீட்சைக்கு அவளை உட்கார விடவில்லை.

கேகாலைக் கந்தோரில் அதிகாரி 'இந்தத் திகதி எப்படி வந்தது' என்று கேட்டபோது, "தாய் சொன்ன திகதி, சேர்" என்றேன்.

பொய். தங்கம்மா பக்கத்தில்தான் நின்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். 'ஒரு திகதி சொல்லத் தெரியாதா' என்று புருஷன் காத்தமுத்து அவளை அடித்தானாம். பிள்ளை இப்போது கொழுந்து எடுக்கிறாள்.

எழுதிவிட்டேன்.

3.5

யாருக்கோ நடந்தது போல எங்கள் குழுவோடு வந்த மௌலவி ஸம்சுதீனிடம் கேட்டுப் பார்த்தேன். "அல்லாஹ்வுக்குச் செஞ்சத அல்லாஹ் மன்னிப்பான். மனுசருக்குச் செஞ்சத அந்த மனுசர்தான் மன்னிக்கோணும்" என்றார்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "விசாரண வந்தா ஒன்ட பென்ஷன் போகும். இங்கயே துஆ கேட்டு முடி."

முடியுமா?

பிறை ஒன்பது. அரபா மைதானம், ஹஜ்ஜின் பெரிய நாள்

கூடாரத்துக்குள் மூச்சு முட்டுகிறது. விஜயகலாவுக்காகக் கேட்கக் கையை ஏந்தினேன். என்னன்னு கேக்க? அவ வழிய அடச்சு வச்சதே நாந்தானே, யா அல்லாஹ்!

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பெண் வெயில் தாங்காமல் விழுந்து மவுத்தாகிவிட்டாள். "இந்த மண்ணுல மவுத்தாக என்ன பாக்கியம்!" என்று எல்லோரும் அழுதார்கள். அந்தப் பாக்கியம் எனக்கு இப்போது வேண்டாம். இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கிறது.

வேறெதுவும் கேட்கவில்லை. ஊர் போய்ச் சேர உயிரை வை என்று மட்டும் கேட்டேன்.

19.5. ஊர்

உயிரோடு வந்து சேர்ந்தேன். அல்ஹம்துலில்லாஹ். இது முனகலுக்குப் பதிலாகச் சொன்னதில்லை.

21.5, ஞாயிறு

பார்க்க வந்தவர்களை இவரிடம் விட்டுவிட்டு லயத்துக்குப் போனேன். தங்கம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கூட்டுவதை நிறுத்தவே இல்லை.

"எங்கிட்ட எதுக்கு டீச்சர்? நான் வாங்குன அடி எப்பவோ ஆறிப்போச்சு. படிப்பு போனது அவளுக்கு. ஞாயித்துக்கிழமையும் கைக்காசுக் கூலிக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்கா. இருங்க."

தகரக் கூரைக்குக் கீழே மூன்று மணி நேரம் இருந்தேன். குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. விஜயகலா வந்தாள். கூடையை இறக்காமலே முழுவதையும் கேட்டாள்.

"இத அந்த ஆபீஸ்ல வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

20.6. விஜயகலாவும் நானும் கேகாலை போய் வந்தோம்

கந்தோரில் சத்தியம் செய்து சத்தியக்கடதாசி கொடுத்தேன். 'என் பிழை' என்று என் கையெழுத்திலேயே. விசாரணை வருமாம். பென்ஷன் போகுமே என்று இவர் கூட வரவில்லை. வரட்டும். அடையாள அட்டைக்குப் புதிதாக எழுதிக் கொடுத்தாயிற்று. டிசம்பரில் பரீட்சை எழுதலாம் என்றார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் பிதுங்கும் கூட்டம், புழுக்கம். விஜயகலா முண்டியடித்து ஏறி இரண்டு இடம் பிடித்தாள். ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டாள். மன்னித்தேன் என்று இன்னும் சொல்லவில்லை.

பாதி வழியில், "பழைய பள்ளிக்கூடக் கொப்பியெல்லாம் அடுப்புல போட்டுட்டேன் டீச்சர்" என்றாள்.

நாளை கடைக்குப் போக வேண்டும். கொப்பி எட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று.