சலவைக் கடையில் ரயில்

ஜூன் 7, சனி

லேப்பில் அரை நாள்தான். மேல் தாடைக்கு இரண்டு, கீழ் தாடைக்கு ஒன்று என்று மூன்று பல் செட் முடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். நகத்தில் இன்னும் மெழுகு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஐந்தரைக்கு எங்கள் சனிக்கிழமைக் கூட்டம். ரத்தக்காட்டேரித் தொடர், ஆறாவது பகுதி. முந்நூறு வயதுக் காட்டேரி ஒருவன் சலவைக் கடை வைத்திருக்கிறான். கூடவே அவன் மாமியார். அவளுக்கு அறுநூறு வயது, சாகவே மாட்டாள் என்பதுதான் அவனுடைய பெரிய கவலை. எங்களில் யாருக்கும் தெரியாத மொழி. கீழே தமிழில் எழுத்து ஓடும்.

எனக்குத்தான் தொழில் புத்தி அடங்குவதில்லை. அந்தக் கோரப்பல்லை மாட்டிக்கொண்டு யாராலும் வாயை மூட முடியாது, கடித்தால் சொந்த உதடுதான் கிழியும். சொன்னேன். சொன்ன குற்றத்துக்கு நானே எழுந்துபோய்த் தேநீர் போட்டேன். தொடர் ஓடும்போது வாயைத் திறப்பவர்தான் தேநீர் போட வேண்டும் என்பது வீட்டு விதி. விதி போட்டவர் என் கணவர். நாள் முழுக்கத் தொணதொணக்கும் மனுஷன், இதில் மட்டும் ஒரு முறைகூட மாட்டியதில்லை.

திரைச்சீலையை வழக்கம்போல் அக்காதான் இழுத்து மூடினாள். அவருடைய அக்கா, என் நாத்தனார். அறுபத்து மூன்று வயது. எங்களோடு வந்து எட்டு மாதமாகிறது. வெளிச்சமே ஆகாது, பகலிலும் கறுப்புக் கண்ணாடி.

"அத்தை, டிவில இருக்கறது டூப்பு. நிஜக் காட்டேரி நீங்கதான்" என்றாள் மகள்.

"உன் கழுத்து அழுக்கா இருக்கு. இல்லாட்டி எப்பவோ கடிச்சிருப்பேன்டி."

முடிந்ததும் எழுந்து, "அடுத்த வண்டி எப்போ?" என்று கேட்டாள். அடுத்த பகுதியை அப்படித்தான் சொல்வாள். இப்போது வீட்டில் எல்லாருக்கும் அதே பேச்சாகிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

அக்கா ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் என் செருப்புமாகக் கடைக்குப் போய் வந்திருக்கிறாள். கேட்டால், "நாம ரெண்டு பேரும் சேர்ந்து போன மாதிரி இருக்கட்டுமேன்னுதான்" என்கிறாள். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 14, சனி

ஏழாவது பகுதி. கடைக்கு ஒரு புது வாடிக்கையாளன் வந்திருக்கிறான். மென்மையான குரல், வாராவாரம் அதே வெள்ளைச் சட்டை. இஸ்திரி போடும் பெண்ணைப் பார்க்கத்தான் வருகிறான் என்று எங்கள் மூன்று பேருக்கும் பளிச்சென்று தெரிந்தது. மகள் தலையணையைக் கட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

அக்கா திடீரென்று, "அவன் பொய் சொல்றான்" என்றாள்.

"தேநீர்!" என்று மூன்று பேரும் கத்தினோம். எழுந்து போனாள்.

பிறகு கேட்டேன், அவன் என்ன பேசினான் என்று படித்தீர்களா என்று. "எழுத்தை நீங்க பாருங்க பல்லம்மா. நான் முகத்தைப் பாக்கறேன்." (பல் செட் செய்வதால் நான் பல்லம்மா. கல்யாணமான புதிதில் கோபம் வந்தது. இப்போது வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால்தான் கோபம் வரும்.)

முகத்தைப் பார்க்கிறாளாம். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முகமே பார்க்காமல் வேலை செய்தவள்.

ஜூன் 17, செவ்வாய்

ரவிக்கை வாங்கக் கீழ் வீட்டுத் தையல்காரம்மாவிடம் போனேன். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே கேட்டாள்: "மேலே ரயில் கதை எப்படிப் போகுது?"

"எந்த ரயில்?"

"அதாங்க, சனிக்கிழமை பாப்பீங்களே. உங்க நாத்தனார் வாராவாரம் வந்து சொல்லுவாங்க. பாவம் அந்த ஸ்டேஷன் மாஸ்டர்! முதல் பொண்டாட்டி அவனை விடவே மாட்டேங்கறா. கடைசி வண்டியில யாரோ வரணும்னு காத்துட்டு இருக்கான். போன வாரம் ஒருத்தன் டிக்கெட் வாங்க வந்தானாமே, பொய்க்காரன்?"

முழுக் கதையும் கேட்டேன். எங்கள் தொடரை விட நன்றாக இருந்தது. சிரித்துக்கொண்டே மாடி ஏறினேன். மூன்று படிதான். நாலாவது படியில் கால் நின்றுவிட்டது.

இஸ்திரி இயந்திரம். அதன் 'புஸ்ஸ்'. திரை முழுக்க வெள்ளை ஆவி.

அதைத்தான் ரயில் என்று நினைத்திருக்கிறாள். அப்படியானால் அவளுக்குத் தெரிவது அந்த வெள்ளை மட்டும்தானா? செருப்பு. கறுப்புக் கண்ணாடி. திரைச்சீலை.

ஜூன் 18, புதன்

எட்டு மாதமாக நாங்கள் எதைப் பார்த்துச் சிரித்தோம்?

ஜூன் 21, சனி

எட்டாவது பகுதி. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முதல் பத்து நிமிஷம் வெறும் சத்தம். அப்புறம் — ஆமாம், ரயில்தான். ஆவி சீறுகிறது, மணி அடிக்கிறது, யாரோ அவசரமாக வருகிறார்கள், யாரோ போகிறார்கள். அந்த மென்குரல்காரன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் சின்னதாக ஒரு மூச்சு இழுக்கிறான், எழுதி வைத்ததைப் படிப்பவன் மாதிரி. கண் திறந்திருந்தால் அவன் தாடைக் குழியைத்தான் பார்த்திருப்பேன்.

இன்னொன்றும் கேட்டது. நாங்கள் சிரித்து அரை விநாடி கழித்துத்தான் அக்கா சிரிக்கிறாள். எப்போதுமே அப்படித்தான் போலிருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது தனியாக மாட்டினாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை எனக்கு. "அக்கா, அந்த ரயில் எங்க போகுது?" என்று கேட்டுவிட்டேன்.

ஒரு போர்வையை மடித்து முடித்தாள்.

"தையல்காரி வாயில குண்டூசி நிக்கும், சேதி நிக்காது."

"அது சலவைக் கடை, அக்கா."

"சலவைக் கடையா?" முகம் சுருங்கிப்போயிற்று. "அப்போ முதல் பொண்டாட்டி?"

"மாமியார்."

"ச்சே. மாமியாருக்கா இவ்வளவு பயப்படறான்?" பிறகு அவளே சிரித்துவிட்டாள். நானும். சிரித்துக்கொண்டே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் ஆபரேஷன் என்பார்களாம். சின்ன ஆபரேஷன்தானே என்றேன். சொல்லியிருக்கவே கூடாது.

"அந்த வார்த்தையைச் சொல்லாத. எங்க அம்மாவுக்கும் சின்ன ஆபரேஷன்தான். நீ வேலைக்குப் போன்னு அனுப்பிச்சாங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து எங்க வீட்டுக்கு வந்த கால் என் போர்டுலதான் விழுந்தது. நான்தான் கனெக்‌ஷன் குடுத்தேன். அந்தப் பக்கம் 'ஹலோ'ன்னு சொன்ன மூச்சிலேயே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எட்டு மணி நேரம் டூட்டி பாத்தேன். யார்கிட்டயும் சொல்லலை."

இவ்வளவு வருஷத்தில் அவருக்கே தெரியாத விஷயம் இது. தம்பிக்கு அப்போது பதினொரு வயது.

ஜூன் 24, செவ்வாய்

அவரிடம் சொன்னேன். கத்தினார். "என் அக்காவுக்குக் கண்ணு தெரியலை, அது தையல்காரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா?" தையல்காரிக்கும் தெரியாது என்று சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு போய்க் கூடத்துத் திரைச்சீலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். திறக்கவும் இல்லை, விடவும் இல்லை.

'பாக்க மட்டும்தான்' என்ற நிபந்தனையோடு அக்கா டாக்டரிடம் வருகிறாள்.

ஜூன் 26, வியாழன்

இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. வலது கண்ணை உடனே செய்ய வேண்டுமாம். தள்ளிப்போட்டால் வருஷக் கடைசிக்குள் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிஞ்சும், அப்புறம் செய்வதும் கஷ்டம் என்றார் டாக்டர். அக்கா பணிவாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும், "முடியாது" என்றாள்.

"நிழல் தெரிஞ்சாப் போதும். காதுதான் இருக்கே."

இந்தப் பிடிவாதத்துக்கு என்ன செய்வது? தூக்கிக்கொண்டா போக முடியும்?

ஜூன் 28, சனி

ஒன்பதாவது பகுதி. யாருக்கும் பார்க்க மனமில்லை, இருந்தும் உட்கார்ந்தோம். பாதியில் அக்கா கேட்டாள், "அவன் எப்படி இருப்பான்? சலவைக்காரன்."

யாரும் தேநீர் என்று கத்தவில்லை. மகள் சொல்ல ஆரம்பித்தாள்: மீசை கிடையாது, காது பெரிசு, சிரிச்சா பயமே வராது—

"சொல்லாத, சொல்லாத!" காதைப் பொத்திக்கொண்டாள். "நானே பாக்கணும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது. எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆனால் எங்கள் மூன்று பேர் காதிலும் அது விழுந்துவிட்டது.

ஜூலை 1, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

காலையில் அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பல்லம்மா, அந்த டாக்டர் நம்பரைப் போடு. ஒரே கேள்விதான். அவன் என்ன சொல்றான்னு நீ கேளு. எப்படிச் சொல்றான்னு நான் கேக்கறேன்."

ஸ்பீக்கரில் போட்டேன். டாக்டர் எடுத்தார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. வேலைக் குரல், இஸ்திரி போட்ட மாதிரி.

"வணக்கம் டாக்டர். இந்த ஆபரேஷன் உங்க கையில எப்பவாவது தப்பாப் போயிருக்கா?"

அக்கா போன் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"போயிருக்கும்மா. ரெண்டு பேருக்கு. ரெண்டு பேர் பேரும் ஞாபகம் இருக்கு."

அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன். அக்கா நன்றி சொல்லி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"பொய் சொல்லலை. மூச்சு அது பாட்டுக்கு இருக்கு. சின்ன ஆபரேஷன்னும் சொல்லலை." கொஞ்சம் யோசித்து, "பக்கத்துல யாரோ பிஸ்கட் திங்கறாங்க. அவன்கிட்டயே செஞ்சுக்கலாம்" என்றாள்.

ஓடிப்போய் அவரிடம் சொல்லப் பார்த்தேன், கையைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா இல்ல. எனக்கு ஒரு ஜோடி கோரப்பல் செஞ்சு குடுக்கணும். வாயை மூடற மாதிரி."

ஜூலை 5, சனி

அக்காவுக்கு அச்சு எடுத்தேன். வாய் நிறைய மாவுப் பசையோடு பேச முயன்று என் சட்டையெல்லாம் துப்பினாள். கோரப்பல் என்றதும் லேப் முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரே வந்து, நுனியை இன்னும் கொஞ்சம் உள்பக்கம் சாய் என்று யோசனை சொன்னார்.

ஒன்பதாவது பகுதிக்குப் பிறகு தொடரைப் பார்க்கவில்லை. அக்கா தடை போட்டிருக்கிறாள். "எனக்கில்லாத வண்டி யாருக்கும் ஓடக்கூடாது."

ஜூலை 10, வியாழன்

ஆயிற்று. வலது கண். நன்றாக முடிந்தது.

உள்ளே அழைத்துப் போகும் முன் நர்ஸ், "பல் செட் ஏதாவது இருந்தாக் கழட்டிக் குடுத்துடுங்கம்மா" என்றாள். அக்கா நல்ல பிள்ளையாக வாயைத் திறந்தாள். இரண்டு கோரப்பல். நர்ஸ் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை டாக்டர்கூட எட்டிப் பார்த்தார். என் இருபத்திரண்டு வருஷ வேலைக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

கதவு மூடிய பிறகு அவர் என் கையை விடவே இல்லை. இருபது நிமிஷம். இருவரும் சுவரில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அடிக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

கட்டு பிரித்தார்கள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவ்வளவு ஒல்லியாவா ஆயிட்ட? குரல் மட்டும் குண்டாவே இருக்கு."

ஜூலை 26, சனி

டாக்டர் டிவிக்கு அனுமதி கொடுத்துவிட்டார். ஐந்தரைக்கு உட்கார்ந்தோம். மிச்சம் மூன்று பகுதி, ஒரே மூச்சில்.

சலவைக்காரன் வந்ததும் அக்கா முன்னால் நகர்ந்து பார்த்தாள். "இவனா? இந்தக் காதை வெச்சுக்கிட்டா?" சத்தமாகத்தான் சொன்னாள். யாரும் தேநீர் கேட்கவில்லை.

கடைசிப் பகுதியில் அந்த மென்குரல்காரன் சட்டைக்குள்ளிருந்து கூர் மரக்கட்டையை எடுத்தான். காட்டேரி வேட்டைக்காரன். காதலாவது ஒன்றாவது! மகள் தலையணையைத் தூக்கி எறிந்தாள். அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

முடிந்ததும் தீர்ப்பு சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னோட ஸ்டேஷன் மாஸ்டர் இதை விட நல்லவன்."

"அப்போ அவனுக்கு என்ன ஆச்சு அத்தை? கடைசி வண்டியில யாரு வந்தா?"

"வரட்டும், சொல்றேன்."

முதல் பகுதியிலிருந்து மறுபடி போட்டோம், கீழே ஓடும் எழுத்தை எடுத்துவிட்டு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்ல, நாங்கள் கேட்டோம். தேநீர் அவர் போட்டார், யாரும் கேட்காமலே.

ஜூலை 29, செவ்வாய்

லேப்பிலிருந்து வந்தபோது அக்கா வீட்டில் இல்லை. தையல்காரம்மாவிடம் ரயில் கதையின் முடிவைச் சொல்லப் போயிருக்கிறாளாம். வாசலில் என் செருப்பு இரண்டும் சரியாக இருந்தன.

நாட்காட்டியில் அடுத்த திங்கள்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம், அக்காவின் கையெழுத்தில் 'இடது கண்'. அவளே போன் செய்து நாள் வாங்கியிருக்கிறாள்.

கூடத்து ஜன்னல் விளிம்பில் கோரப்பல் இரண்டையும் கழுவிக் காய வைத்திருக்கிறாள். வெயில் நேராக அதன் மேல் விழுகிறது.