தலைவர் வழியாக

வெஸ்ட் ஹார்லோ, வெர்மான்ட்
பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய ஊர்க்கூட்டத் தலைவர் வினிஃப்ரெட் லாத்ரப் அவர்களுக்கு,

மார்ச் 3, செவ்வாய்க்கிழமை நடக்கவிருக்கும் ஊர்க்கூட்டத்தின் அறிவிப்பை நூலகக் கதவில் நானேதான் ஒட்டினேன். ஒட்டும்போது ஒன்பதாம் தீர்மானத்தை மூன்று முறை படித்தேன். ‘அடுத்த ஆண்டு முதல் ஊரார் ஓரிடத்தில் கூடிப் பேசிக் கைதூக்கி முடிவெடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் வாக்குச்சீட்டில் குறித்து அனுப்பலாமா?’ இருநூறு வருடப் பழக்கத்தை முடித்துவைக்க ஒன்றரை வரி போதும் போலிருக்கிறது.

என் கேள்விகள் இரண்டு. அந்தத் தீர்மானத்தை எதிர்த்து முதலில் பேச எனக்கு வாய்ப்புக் கிடைக்குமா? எத்தனை நிமிடம் பேசலாம்?

அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரச் சொல்லி மனு கொடுத்தவர்களின் பட்டியலும் கூடவே வந்திருந்தது. பதினோராவது கையெழுத்து தங்களுடையது. ஏழாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த அதே சாய்ந்த எழுத்து. ஏன் என்று நான் கேட்கவில்லை. பார்த்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கோரின் டேட்ரோ
ஊர் நூலகர்


வெஸ்ட் ஹார்லோ
பிப்ரவரி 9

நூலகர் கோரின் டேட்ரோ அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்தது. விதிகள் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. கேட்டதால் எழுதுகிறேன். முதலில் கை தூக்குபவருக்கு முதல் பேச்சு. மூன்று நிமிடம். ஒருவர் இன்னொருவரைப் பார்த்துப் பேசக்கூடாது; எதையும் தலைவர் வழியாகத்தான் சொல்ல வேண்டும். நேரில் வந்தவர் மட்டுமே பேசலாம். வராதவர் எழுதி அனுப்பியதை வேறொருவர் வாசிக்க முடியாது.

கையெழுத்தைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடமாக அந்த மேடையில் நிற்கிறேன். முன்பெல்லாம் மலைச் சாலைக்கு எத்தனை லோடு சரளைக்கல் என்று காலை முழுக்க அடித்துக்கொள்வார்கள். மத்தியானம் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்து பன்றி இறைச்சியும் பீன்ஸும் சாப்பிடுவார்கள். நாலு வருடத்துக்கு முந்தைய அந்தத் தேர்தலுக்குப் பிறகு சரளைக்கல்லுக்கும் கட்சி வந்துவிட்டது. போன மார்ச்சில் ஹார்லன் ஸ்டோக்ஸ் எழுந்து, “தலைவர் வழியா கேட்கறேன், அந்தாளுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?” என்றார். அந்தாள் அவருடைய சொந்த மைத்துனர். அன்று சாப்பாட்டுக்கு இரண்டு மேஜை. இனிப்புக்கு ஆப்பிள் பை சாப்பிட்டவர்கள் ஒரு கட்சி, பூசணிப் பை சாப்பிட்டவர்கள் ஒரு கட்சி.

அவரவர் வீட்டில் உட்கார்ந்து குறித்து அனுப்பிவிட்டால் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அது நிம்மதியாகப் படுகிறது.

இப்படிக்கு,
வி. லாத்ரப்
தலைவர்

பி.கு. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒன்றரை மைல். தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். தபால் நிலையப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.


வெஸ்ட் ஹார்லோ
பிப்ரவரி 14

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

தங்களிடமிருந்து ஒரு பின்குறிப்பு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தபாலில் அனுப்பக் காரணம் இருக்கிறது. தொலைபேசியில் கூப்பிட்டால் தாங்கள் எடுப்பதில்லை. வாசலுக்கு வந்தால் மாட்டுக்கொட்டகைக்குள் போய்விடுகிறீர்கள். கடிதம் என்றால் தலைவர் பதில் எழுதித்தானே ஆக வேண்டும்.

முகம் பார்க்காத நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு நாலு வருட அனுபவம் உண்டு. ஞாயிறு ஆராதனையில் சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் எல்லோரும் எழுந்து கைகுலுக்குகிறோம். ‘சமாதானம் உண்டாவதாக’ என்று ஹார்லனுக்குச் சொல்கிறேன்; அவர் சிரித்துக்கொண்டே என் கையை நசுக்குகிறார். தங்கள் வரிசைக்கு நான் வரும்போது மட்டும் தாங்கள் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிறீர்கள். நாலு வருடமாகக் கட்டுகிறீர்கள். தாங்கள் போடுவது கயிறில்லாத ரப்பர் பூட்ஸ்.

சண்டை வருகிறது என்பது உண்மைதான். ஆனால் தொலைக்காட்சியில் கத்துகிறவர்கள் யாரும் நம்மைப் பார்த்ததில்லை. நாமும் அவர்களைப் பார்க்கப்போவதில்லை. இந்த நாட்டில் எனக்குத் தெரிந்து இந்தக் கூடம் ஒன்றில்தான், எனக்குப் பிடிக்காத கருத்தை ஒருவர் மூன்று நிமிடம் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, பிறகு அவர் மனைவி சுட்ட பையையும் சாப்பிட்டு ‘நன்றாக இருந்தது’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது கஷ்டமான பழக்கம். கஷ்டம் என்பதற்காகவே அதை விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கூட்டத்தில் நான் கை தூக்கினால் தாங்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். “கோரின் டேட்ரோ பேசலாம்.” வருடத்துக்கு ஒரு தடவை. இந்த நாலு வருடத்தில் தங்கள் வாயிலிருந்து என் பெயரை நான் கேட்டது அந்த நாலு தடவைதான். ஒன்பதாம் தீர்மானம் ஜெயித்தால் அதுவும் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
கோரின் டேட்ரோ


வெஸ்ட் ஹார்லோ
பிப்ரவரி 18

கோரின்,

இதைத் தலைவர் எழுதவில்லை. பூட்ஸைப் பற்றி எழுதிவிட்டாய் அல்லவா, அதனால் நான் எழுதுகிறேன்.

தேர்தல் முடிந்த மறு ஞாயிறு. ஆராதனையில் அவரவர் சந்தோஷத்தையும் பாரத்தையும் எழுந்து சொல்லி ஜெபிக்கும் நேரம். யாரோ பேத்தி பிறந்ததைச் சொன்னார்கள். யாரோ இடுப்பு ஆபரேஷனுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். அப்புறம் நீ எழுந்தாய், என் பக்கத்து இருக்கையிலிருந்து. உன் கோட்டு என் முழங்கையில் உரசியது. நீ சொன்னதை எழுத்து மாறாமல் எழுதுகிறேன்: ‘ஆண்டவரே, பொய்யை நம்பி வழிதவறிப்போன என் தோழி வின்னியின் கண்களைத் திறந்தருளும்.’

நாற்பத்திரண்டு பேர் ஆமென் சொன்னார்கள். எண்ணினேன். அதில் ஒருவர் என் மாமியார்.

நீ என்னை முட்டாள் என்று சொல்லியிருந்தால், நீதான் என்று திருப்பிச் சொல்லியிருப்பேன். பத்து நாளில் சரியாகியிருக்கும். ஜெபத்துக்கு எப்படிப் பதில் சொல்வது? எழுந்து ஆட்சேபம் தெரிவிப்பதா? வீட்டுக்குப் போய்ப் பால் கறந்தேன். மாடு திரும்பிப் பார்த்தது. அதுவும் எனக்காக ஜெபிக்கிறதோ என்று தோன்றியது.

நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் டேல் நட்டுவைத்த தேர்தல் பலகையைப் பார்த்தாய். புருஷன் நட்டது என்றால் பெண்டாட்டிக்கும் அதுதான் என்று முடிவு செய்துகொண்டாய். இத்தனைக்கும் கல்லூரியில் பெண்கள் வரலாறு படித்தவள் நீ.

வாக்குச்சீட்டில் யாரும் யாருக்காகவும் எழுந்து நிற்க முடியாது. அதனால்தான் கையெழுத்துப் போட்டேன். போதுமா?

வின்னி


மருத்துவமனை, மூன்றாம் மாடி
பிப்ரவரி 26

வின்னி,

எழுத்து கோணலாக இருக்கும். படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. அதைப் படித்துக்கொண்டே நூலகப் படியில் இறங்கினேன். தினமும் நானே உப்புத் தூவும் படி, அன்றைக்குத் தூவவில்லை. ‘நாற்பத்திரண்டு’ என்ற இடத்தில் வழுக்கியது. கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். மூன்றாம் தேதி கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. வராதவர் பேச முடியாது.

இங்கே படுத்துக்கொண்டு யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது. அன்றைக்கு நான் நல்ல எண்ணத்தில் ஜெபித்தேன் என்றுதான் நாலு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அந்த வாக்கியத்தை முந்தின இரவே தயாரித்து வைத்திருந்தேன். ‘வழிதவறிப்போன’ என்ற சொல்லை இரண்டு முறை மாற்றினேன். ஆண்டவரிடம் பேசுகிறவள் சொல்லைத் தேடமாட்டாள். நான் அவரிடம் பேசவேயில்லை, வின்னி. ஊர்க்கூட்டத்தில் தலைவர் வழியாகக் குத்திப் பேசுவார்களே, அப்படி ஆண்டவர் வழியாக உன்னைக் குத்தினேன். ஹார்லனாவது தலைவரோடு நிறுத்திக்கொண்டார்.

என் கண்ணைத் திறக்கும்படி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதுதான் இங்கே வந்து தெரிந்தது.

நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று இப்போதும் கேட்கமாட்டேன். தெரிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை. என்னை மன்னிக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

ஊர் முன்னால் செய்த தவற்றை ஊர் முன்னால்தான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசிக்க முடியுமா? விதி தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்.

கோரின்


வெஸ்ட் ஹார்லோ
மார்ச் 9

அன்புள்ள கோரின்,

உன் கடிதத்தை வாசிக்கவில்லை. விதி விதிதான். அது என் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. ஆனால் நடந்ததை நீ வேறு யாரிடமிருந்தும் கேட்கக்கூடாது என்று நானே எழுதுகிறேன்.

கூடம் நிறைந்துவிட்டது. பின்சுவரோடு நின்றவர்களே இருபது பேர் இருப்பார்கள். எட்டுத் தீர்மானம் முடிந்து ஒன்பதாவதை வாசித்தேன். வாசித்துவிட்டு ஊர் எழுத்தர் நோர்மாவிடம் திரும்பினேன்.

“நோர்மா, இந்தச் சுத்தியலைப் பிடி. நான் கீழே இறங்கிப் பேசணும்.”

“எனக்கு எதுக்குடி அது? நான் குறிப்பு எழுதணும்.”

“ஒரு கையில எழுது. ஒரு கையில தட்டு.”

தலைவர் பேச விரும்பினால் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும். பதினொரு வருடத்தில் நான் இறங்கியதே இல்லை.  உடனே ஹார்லன் எழுந்தார்.

“தலைவர் வழியா கேட்கறேன். மனுவுல பதினோராவது கையெழுத்து இந்தம்மாவோடது. இப்ப எந்தப் பக்கம் பேசப் போறாங்களாம்?”

“தலைவர் வழியா ஹார்லனுக்குச் சொல்றேன்,” என்றேன். “மூணு நிமிஷம் உட்கார்ந்தா தெரிஞ்சிடும்.”

நோர்மா எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தட்டுத் தட்டினாள்.

நான் பேசியது பெரிதாக ஒன்றுமில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்றுதான் கையெழுத்துப் போட்டேன் என்றேன். எனக்காக ஒருத்தி தேவாலயத்தில் எழுந்து ஜெபித்தாள், உங்களில் நாற்பத்திரண்டு பேர் ஆமென் சொன்னீர்கள் என்றேன். எத்தனை தலை குனிந்தது என்று நீ பார்த்திருக்க வேண்டும். என் மாமியார் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

ஹார்லனால் சும்மா இருக்க முடியவில்லை. “தலைவர் வழியா கேட்கறேன், அப்ப அந்தப் பொண்ணு செஞ்சது சரின்றாங்களா?”

“தப்பு,” என்றேன். “தப்புன்னு அவளுக்கே தெரியும். ஆனா என் பக்கத்துல நின்னு, என் காது கேக்கச் சொன்னா. சீட்டுல குறிச்சு அனுப்பியிருந்தா அது யாருன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. அப்புறம் நாலு வருஷமா நான் யாரைப் பார்த்துக் குனிஞ்சு பூட்ஸ் கயிறு கட்டறது?”

முதலில் டேல் சிரித்தார். அப்புறம் கூடம் முழுக்க. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, கோரின். நாலு வருடமாக ஊரே என் ரப்பர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

“கோவிச்சுக்கிட்டவங்களை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு இந்தக் கூடம் வேணும்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது.

கைகளை எண்ண முடியாமல் நோர்மா எல்லோரையும் இரண்டு சுவரோரமாகப் பிரிந்து நிற்கச் சொன்னாள். பழைய வழக்கம் தொடரட்டும் என்று நின்றவர்கள் நூற்று முப்பத்தெட்டு. நிறுத்தலாம் என்றவர்கள் ஐம்பத்தொன்று. நான் உன் சுவரில் நின்றேன். டேல் எதிர்ச்சுவரில் நின்று எனக்குக் கையசைத்தார். அதைப் பார்த்தால் பலகையைப் பற்றி உனக்கு ஏதாவது புரியும்.

ஜெயித்துவிட்டோம். எண்ணிக்கையைச் சொன்னதும் அந்தக் கிழட்டு ஜன்னல்களெல்லாம் அதிரும்படி கைதட்டினார்கள். தோற்ற சுவரிலும் பாதிப் பேர் தட்டினார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. நான் மேடை ஏறிச் சுத்தியலை வாங்கிக்கொண்டேன். அடுத்த வருடமும் அது என் கையில்தான்.

சாப்பாட்டில் இன்னும் இரண்டு மேஜைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஹார்லன் தட்டோடு எழுந்து மைத்துனரின் மேஜைக்குப் போனார். “அந்தப் பூசணிப் பையில ஒரு துண்டு குடு.” மைத்துனர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தலைவர் வழியா கேளு,” என்றார். வாயில் பீன்ஸோடு நான் அனுமதி கொடுத்தேன்.

நேற்று ஞாயிறு. போதகர், யாருக்காவது சந்தோஷமோ பாரமோ உண்டா என்று கேட்டார். நான் எழுந்தேன். உன்னைப் போல நானும் முந்தின இரவே தயாரித்துவிட்டேன், அதை மறைக்கவில்லை.

‘ஆண்டவரே, உப்புத் தூவ மறந்து, கடிதம் படித்துக்கொண்டே நடந்து, படி தவறிப்போன என் தோழி கோரினின் கண்களைத் திறந்தருளும். காலையும் சீக்கிரம் குணமாக்கும். அவள் எனக்குத் தீர்க்க வேண்டிய கடன் ஒன்றுமில்லை என்பதை நீரே அவளுக்குச் சொல்லும்.’

கடைசி வரி தயாரித்ததில்லை. அது தானாக வந்தது.

ஆமென் சொன்னவர்களை எண்ணினேன். மாமியார் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். ஆனாலும் நாற்பத்தொன்றுதான் வந்தது. ஒன்று குறைகிறது.

டேல் மேப்பிள் மரத்துப் பாகு காய்ச்ச ஆரம்பித்துவிட்டார். சனிக்கிழமை முதல் பாட்டிலோடு வருகிறேன். தபாலில் அனுப்பமாட்டேன்.

உன்
வின்னி


மருத்துவமனை, மூன்றாம் மாடி
மார்ச் 12

அடியே வின்னி,

ஆமென்.

கோரின்