வாசலில் தடுத்த முத்தங்கள்

என் கண்மணி மைத்தேவுக்கு,

நம் மொந்தெவிடியோ நகரில் பல் டாக்டர்கூடக் கன்னத்தில் முத்தமிட்டுத்தான் வரவேற்பார். உன் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்திலோ ஒருவரும் உன்னை முத்தமிடவில்லை. உன் பருக்களைக் கண்டு அருவருத்தார்கள் என்று நினைத்து, மூன்று வருடமாக நீ அறைக்குள்ளேயே கிடந்தாய்.

வாசலில் நின்று அவர்களைத் தடுத்தவள் நான்தான். "முத்தம் குடுக்காதீங்க, புள்ளைக்கு முகம் எரியுது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். உன் நெலிதா அத்தை மட்டும் சண்டைக்கு வந்தாள்.

"கிறுக்கா அண்ணி உங்களுக்கு? அவகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

சாகத் துணிந்த நீ, நேற்று மருத்துவமனையில் பிழைத்துக் கண் விழித்தபோதும் நான் உன் கையைத்தான் பிடித்தேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நாளை வந்து உன் கன்னத்தோடு கன்னம் வைப்பேன். எரிந்தால் சொல். நீ சொல்லும்வரை எடுக்கமாட்டேன்.

உன் அம்மா